பிரசவ அறைக்குள் ஒத்திகை நடத்துங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டந்தோறும் மகப்பேறு ஆய்வுக் கூட்டங்களை நடத்தும் மூத்த மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவ அலுவலராக வேலை பார்க்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி வந்தவள். மகப்பேறு மேற்படிப்பு படிக்கவில்லை. எங்கள் நிலையத்தில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிறோம். என் வயதுடைய மருத்துவர்கள் பலர் மாநிலம் முழுக்க இதே நிலையில் இருக்கிறார்கள். எங்கள் எல்லோர் சார்பாகவும் இரண்டு கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். பிரசவத்தில் வரும் அவசர நிலைகளுக்கான ஒத்திகையை, நாங்கள் வேலை செய்யும் அதே அறையில், இரவுப் பணியில் இருக்கும் அதே ஆட்களை வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை நடத்துங்கள். ஒரு பிரசவம் சிக்கலாகிப் போனபின் நடக்கும் ஆய்வை, "யார் தப்பு செய்தது?" என்று தொடங்காமல் "அந்த அறையில் என்ன இல்லாமல் போனது?" என்று தொடங்குங்கள். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால்தான் ஒரே மடலில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைமீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1922-இல் தொடங்கிய பொது சுகாதாரத் துறை நூறாண்டைக் கடந்துவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள் என்றால், இங்கே 54. இது தானாக வந்ததில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு இரவும் பகலும் பிரசவ அறையைத் திறந்து வைத்தீர்கள். சிக்கலான பிரசவங்களையும் பச்சிளங்குழந்தைகளையும் அவசரமாகக் கவனிக்கும் சீமாங்க் மையங்களைக் கட்டினீர்கள். 2008-இல் 108 வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகை 18,000 ரூபாய் ஆனது. ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனியாக எடுத்து ஆராயும் வழக்கத்தை மற்ற மாநிலங்கள் யோசிக்கும் முன்பே, 1990களிலேயே இங்கே தொடங்கினார்கள். நான் வேலை செய்யும் பிரசவ அறையே அந்த உழைப்பின் பலன்தான்.

ஆனால் இவையெல்லாம் தாயை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடுகள். இங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடுகளும் நன்றாகவே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் சில நிமிடங்கள் இருக்கின்றன. எந்த ஆம்புலன்ஸாலும் எட்ட முடியாத நிமிடங்கள் அவை. நான் பேச வந்தது அவற்றைப் பற்றித்தான்.

எங்கள் நிலையத்தில் நான் பார்த்த ஒரு பிரசவத்தைச் சொல்கிறேன். அந்தத் தாய் எங்கள் பகுதிக்காரர். இரண்டாவது பிரசவம். (அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.) முதல் குழந்தை சுகப்பிரசவம். கிராம சுகாதார செவிலியர் மாதம் தவறாமல் பார்த்து வந்தவர். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை சரியாக இருந்தது. ரத்த அழுத்தம் சரி. வயிற்றின் உயரம் மாதத்துக்கு ஏற்றபடி இருந்தது. அட்டையில் சிக்கலான கர்ப்பம் என்று குறிக்க எந்தக் காரணமும் இல்லை. எங்கள் நிலையத்தில் பிரசவம் பார்க்க இவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது.

வலி நன்றாக வந்தது, கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்தது, தலையும் வந்தது. வழக்கமாகத் தலை வந்ததும் தானாக ஒரு பக்கம் திரும்பும், அடுத்த வலியில் தோள் நழுவி வரும். இங்கே தலை திரும்பவில்லை. கன்னங்கள் உப்பியபடி தலை மறுபடி உள்நோக்கி இழுத்துக்கொண்டது, தாயின் சதையோடு ஒட்டி நின்றது. அதைப் பார்த்த கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. முன்தோள் தாயின் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது.

மருத்துவம் தெரியாதவர்களும் இந்த மடலைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். தலை வெளியே, உடல் உள்ளே. குழந்தையின் மார்பு நெருக்கப்பட்டிருப்பதால் மூச்செடுக்க முடியாது. தொப்புள்கொடி வழியாக வரும் ரத்தமும் குறையும். சுமார் ஐந்து நிமிடத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குமேல் போகப் போக மூளை பாதிக்கப்படும் ஆபத்து கூடும். சிசேரியனுக்கு நேரம் தாண்டிவிட்டது. 108-ஐ அழைத்தாலும் வழியில் ஏற்ற முடியாது. உலகின் மிகச் சிறந்த மகப்பேறு நிபுணர் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும் பயனில்லை. அந்த நேரத்தில் அறைக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் எடுக்க வேண்டும். மாநிலத்தின் மொத்த சுகாதாரக் கட்டமைப்பும் அந்த ஐந்து நிமிடத்தில் மூன்று பேராகச் சுருங்கிவிடுகிறது. எங்கள் அறையில் அந்த மூவர் நான், செவிலியர், மருத்துவமனைப் பணியாளர் அக்கா.

வெறுமனே தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் கிழியும். குறுகலான நிலைவாசலில் கட்டிலை நேராகத் தள்ளினால் நுழையாது, சாய்த்துத் திருப்பினால்தான் நுழையும். இங்கேயும் பலம் உதவாது, கோணம்தான் உதவும். தாயின் இரண்டு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து நன்றாக மடக்க வேண்டும். அப்போது இடுப்பெலும்பு சாய்ந்து வழி கொஞ்சம் விரியும். கூடவே இன்னொருவர் அடிவயிற்றில், எலும்புக்குச் சற்று மேலே, குழந்தையின் முதுகுப் பக்கத்திலிருந்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும்.

"தோள் மாட்டியிருக்கு சிஸ்டர், ரெண்டு காலையும் மடக்கணும்" என்றேன். தாயிடம், "முக்காதம்மா, நான் சொல்றப்போ முக்கினா போதும்" என்றேன். செவிலியர் உடனே வந்தார். என்னைவிடப் பல மடங்கு அதிகமான பிரசவங்களைப் பார்த்தவர், பதற்றப்படாதவர். வந்தவர் கையை மேல்வயிற்றில் வைத்து அழுத்தத் தொடங்கினார். பிள்ளை வரத் தாமதமானால் மேலிருந்து தள்ளுவது நம் பிரசவ அறைகளில் ஊறிப்போன பழக்கம். தோள் மாட்டியிருக்கும்போது அப்படித் தள்ளினால் தோள் இன்னும் இறுகும், கர்ப்பப்பை கிழியவும் கூடும். "அங்க வேண்டாம் சிஸ்டர், கீழ" என்றேன். எந்தக் கீழ் என்று அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க வார்த்தை என்னிடமும் இல்லை. அவருடைய கையைப் பிடித்து நானே சரியான இடத்தில் வைத்தேன். பணியாளர் அக்காவுக்குக் காலை எவ்வளவு மடக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டினேன். இதற்கெல்லாம் நேரம் போனது. சாதாரண நாளில் அது ஒரு பொருட்டே இல்லாத நேரம்.

இதில் செவிலியரின் குறை எதுவும் இல்லை என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் எத்தனையோ குழந்தைகளைப் பத்திரமாகக் கையில் ஏந்தியவர். தோள் மாட்டிக்கொள்ளும் நிலை அபூர்வமாக வருவது; ஒருவர் பல ஆண்டுகள் வேலை பார்த்தும் சந்திக்காமலேயே போகலாம். அதற்காக அவரும் நானும் அக்காவும் ஒரு முறைகூடச் சேர்ந்து பழகியதில்லை. எனக்குத் தெரிந்தது என் தலைக்குள் இருந்தது, அவருடைய அனுபவம் அவர் கையில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் வேலையை யாரும் முன்னால் செய்து வைக்கவில்லை.

காலை மடக்கி, அடிவயிற்றில் அழுத்தியும் தோள் வரவில்லை. அடுத்து என் கையைத் தாயின் முதுகெலும்புப் பக்கமாக உள்ளே கொண்டுபோனேன். அங்கேதான் இடம் இருக்கும். குழந்தையின் பின்பக்கக் கையைத் தேடி, முழங்கையில் மடக்கி, மார்பின் குறுக்கே கொண்டுவந்து வெளியே எடுத்தேன். கை வந்ததும் தோளின் அகலம் குறைந்தது, உடல் சற்றே திரும்பியது, குழந்தை வந்துவிட்டது.

வந்த குழந்தை அழவில்லை. துவண்டு கிடந்தது. கொடியை வெட்டி, குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மருக்குக் கொண்டுபோய், துடைத்து, முகமூடி வைத்துப் பையை அழுத்திக் காற்று கொடுத்தேன். பிறந்த முதல் நிமிடத்துக்குள் இதைத் தொடங்க வேண்டும். மார்பு ஏறி இறங்கியது, அப்புறம் முனகல், அப்புறம் அழுகை. அதற்குள் செவிலியர் கூப்பிட்டார், "மேடம், ரத்தம் நிக்கலை."

மாதம் நிறைந்த கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வந்தபின் கர்ப்பப்பை இறுகினால்தான் அந்தக் குழாய்கள் மூடும். இறுகாவிட்டால் ஓர் ஆரோக்கியமான பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிடுவார். நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது; இழக்கக் கையிருப்பு இல்லாதவர்கள் அவர்கள். குழந்தைக்கு ஒரு கை, தாய்க்கு ஒரு கை என்று நான் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் ஏற்கனவே போட்டாகிவிட்டது. வயிற்றின் மேல் கர்ப்பப்பையைப் பிசைந்தபடியே செவிலியர் இரண்டாவது ஊசிவழியைத் திறந்து சலைன் இணைத்தார். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸமிக் அமிலம் ஒரு கிராம், கர்ப்பப்பையை இறுக்க நாக்கின் அடியில் மிசோப்ரோஸ்டால். பணியாளர் அக்கா 108-ஐ அழைத்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தாயின் நாடித்துடிப்பு எகிறிக்கொண்டிருந்தது, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள். குழந்தையைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். இருவரும் வீடு திரும்பிவிட்டார்கள். குழந்தையின் ஒரு கை முதலில் பலவீனமாக இருந்தது, பயிற்சியில் தேறி வருகிறது. தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் குழந்தையின் பாட்டி முதலில் அந்தக் கையைத்தான் எனக்குக் காட்டுவார்.

இனி, பின்பக்கக் கையை எடுக்க என் கைக்கு எப்படித் தெரிந்தது என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் என் கோரிக்கை முழுதும் அதில்தான் இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் இது ஒரு பக்கம். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கலாம். பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டில் மகப்பேறு பிரிவுக்கு ஒதுக்கப்படுவது 7 வாரம். அந்த 7 வாரத்தில் ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவதும், கேஸ் ஷீட் எழுதுவதும், டிராலி தள்ளுவதும் பெரும் பகுதியை எடுத்துக்கொள்ளும். எங்கள் யூனிட்டில் ஓர் உதவிப் பேராசிரியர் இருந்தார். இரவுப் பணியில் லேபர் வார்டு கொஞ்சம் ஓய்ந்ததும் எங்களைக் கூப்பிடுவார். ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு, ஒரு துணிப் பொம்மை. "தோள் மாட்டிக்கிச்சு, என்ன செய்வே?" என்பார். வாயால் சொன்னால் ஏற்க மாட்டார், செய்து காட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். தப்பான இடத்தில் கை போனால் மறுபடி முதலிலிருந்து. அவர் செய்தது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை, யாரும் அவருக்குச் சொன்னதும் இல்லை. பக்கத்து யூனிட்டில் இருந்த என் வகுப்புத் தோழர்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களும் இன்று என்னைப் போலவே ஆரம்ப சுகாதார நிலையங்களில்தான் இருக்கிறார்கள், என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பலர். அன்று அந்தத் தாய் அவர்களில் ஒருவரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரு குழந்தையின் உயிர், மருத்துவர் படித்த காலத்தில் எந்த யூனிட்டில் இருந்தார் என்ற தற்செயலில் தொங்கக் கூடாது.

இது என் ஒருத்தியின் அனுபவத்தை வைத்துச் சொல்வது மட்டும் இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சவுத்மீட் மருத்துவமனையில் மருத்துவர்களையும் மகப்பேறு செவிலியர்களையும் ஒன்றாக நிறுத்தி, அவர்களுடைய இடத்திலேயே ஆண்டுதோறும் இந்த ஒத்திகையை நடத்தினார்கள். தோள் மாட்டிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்பட்டது முன்பு 9.3 சதவீதம்; பயிற்சிக்குப் பின் 2.3 சதவீதம் என்று 2008-இல் வெளியிட்டார்கள். பயிற்சி தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கடைசி ஆண்டுகளில் நிரந்தரமாகக் கை முடங்கிய குழந்தை ஒன்றுகூட இல்லை. இதற்காக அங்கே புது மருந்தோ புதுக் கருவியோ வாங்கவில்லை. ஒரு பொம்மையும், எல்லோரும் ஒன்றாகப் பழகிய நேரமும்தான் வேறுபாடு.

ரத்தப்போக்குக்கும் இதே கதைதான். எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது பாதிச் சமயம் தவறவிடுகிறோம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவுகள் 2023-இல் வந்தன. தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைப்பது, ரத்தம் எல்லை தாண்டியதும் பிசைதல், ஆக்ஸிடோசின், டிரானெக்ஸமிக், சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காத்திருக்காமல் ஒரே கட்டாகத் தொடங்குவது என்று பழக்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும், வழக்கமான சிகிச்சை தொடர்ந்த மருத்துவமனைகளில் 4.3 சதவீதம்; இப்படிப் பழகிய மருத்துவமனைகளில் 1.6 சதவீதம். இதில் நமக்குப் பெருமையும் வருத்தமும் சேர்ந்து தரும் ஒரு செய்தி உண்டு. அப்படிப்பட்ட அளவு விரிப்பை நம் பக்கத்து மாநிலத்தில், பெலகாவியில், கிராமப்புறப் பிரசவங்களில் மிசோப்ரோஸ்டால் ஆய்வு செய்தபோதே உருவாக்கிப் பயன்படுத்தினார்கள். அந்த ஆய்வு 2006-இல் வெளியானது. நான் வேலைக்கு வந்த பிரசவ அறையில் அந்த விரிப்பு இல்லை. பருத்தித் துணி எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுத்தோம்.

பயிற்சிகளே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கின்றன. மாவட்டத் தலைநகரில் ஓர் அரங்கு, காலை பத்து மணிக்குத் தொடங்கும் ஸ்லைடுகள், மதியச் சாப்பாடு, கையெழுத்து. நிலையத்தை மூடிவிட்டு எல்லோரும் போக முடியாது என்பதால் ஒருவரை அனுப்புவோம். அவர் திரும்பி வந்து எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. பணியாளர் அக்காக்களை யாரும் அழைப்பதே இல்லை. என் நிலையத்தில் அன்று ஒரு காலை மடக்கிப் பிடித்திருந்தவர் அவர்தான்.

நான் கேட்பது வேறு மாதிரியானது. வட்டாரத்துக்கு ஒரு பொம்மையும் ஓர் இடுப்பெலும்பு மாதிரியும் கொடுங்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு செய்யும் மாமா நட்டாலி போன்ற மாதிரிகள் கிடைக்கின்றன. ஒரு ஸ்கேன் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. சீமாங்க் மையத்திலிருந்து ஒரு மகப்பேறு மருத்துவர் சில மாதங்களுக்கு ஒருமுறை நிலையத்துக்கே வரட்டும். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மாலையில், பணி மாறும் நேரத்தில், "தோள் மாட்டிக்கிச்சு" என்று தொடங்கட்டும். மருத்துவர் இல்லாமல் செவிலியர் மட்டும் இருக்கும் இரவுக்கும் ஒருமுறை நடத்தட்டும், ஏனென்றால் பல நிலையங்களில் இரவு என்றால் ஒரு செவிலியரும் ஒரு பணியாளரும்தான். மருத்துவர் போனில் இருப்பார். 108-இன் மருத்துவ உதவியாளரையும் அழையுங்கள். ஊசிமருந்து எந்த டிரேயில் இருக்கிறது, ஆக்ஸிஜன் சிலிண்டரின் சாவி எங்கே தொங்குகிறது, ஃப்ரிட்ஜில் ஆக்ஸிடோசின் தீர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அரங்கில் உட்கார்ந்து இதில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. வலிப்பு வந்த தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டு அனுப்புவதும் இதே போலத்தான். இரண்டு புட்டத்திலும் ஐந்து ஐந்து கிராம் என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனை ஆம்பூல் உடைக்க வேண்டும் என்பதில் கை நடுங்கும்.

இப்போது ஆய்வுக் கூட்டத்துக்கு வருகிறேன். எழுதச் சற்று கஷ்டமான பகுதி இது.

தாயும் சேயும் பிழைத்த பிறகும் எங்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது. கேட்டதில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "ஏன் முன்கூட்டியே ரெஃபர் செய்யவில்லை?" என்பது. எல்லா நிலையங்களும் இணைந்திருந்த காணொளிக் கூட்டம் அது. குழந்தை பெரிதாக இருக்கும் என்று தெரியவில்லையா என்றார்கள். தோள் மாட்டும் பிரசவங்களில் ஏறத்தாழப் பாதி, நாலு கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்குத்தான் நேர்கிறது. முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்லை என்பது மகப்பேறு மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. இதை நான் சொல்ல முயன்றபோது அடுத்த நிலையத்தின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அழுத்தும் இடம் ஏன் செவிலியருக்குப் புரியவில்லை, எத்தனை பேர் பணியில் இருந்தார்கள், குழந்தையையும் தாயையும் ஒரே நேரத்தில் யார் பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லா நிலையங்களுக்கும் அது பாடமாகியிருக்கும். அன்று அத்தனை பேரும் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் அனுப்பிவிடு.

அப்படித்தான் அனுப்புகிறோம். வலி முற்றிய தாய்மார்கள் ஆம்புலன்ஸில் பிள்ளை பெறுகிறார்கள். மாவட்ட மருத்துவமனையின் லேபர் வார்டில் சாதாரணப் பிரசவங்கள் குவிந்து, உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவரைக் கவனிக்கும் கைகள் குறைகின்றன. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்று அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. இதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். இளம் மருத்துவர்களின் பயமும் அதில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நாடே பார்த்தது. ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் லால்சோட்டில் 2022 மார்ச்சில் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தார். மருத்துவர் அர்ச்சனா சர்மா மீது கொலை வழக்குப் பதிந்தார்கள். மறுநாள் அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இலேயே உச்ச நீதிமன்றம், மருத்துவர்மீது குற்ற நடவடிக்கைக்கு முன் தகுந்த மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்று சொல்லியிருந்தது. அது அங்கே யாருக்கும் நினைவு வரவில்லை. இறந்த தாயின் குடும்பத்துக்கும் எந்த நீதியும் கிடைக்கவில்லை. அவர் ஏன் இறந்தார் என்ற கேள்வி அந்தக் கூச்சலில் தொலைந்தே போனது.

வேறு வழி தூரத்தில் இல்லை. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய் இறப்புகளை ரகசிய ஆய்வாக நடத்துகிறது. மருத்துவரின் பெயர், மருத்துவமனையின் பெயர், நோயாளியின் பெயர் எல்லாம் நீக்கப்பட்ட பிறகே குழு அந்த இறப்பின் விவரங்களைப் படிக்கிறது. தண்டனைக்கு அங்கே இடமில்லை. அதனால்தான் மருத்துவர்கள் உண்மையை எழுதுகிறார்கள். நம்மிடம் கேரளத்துக்கு முன்பே தாய் இறப்பு ஆய்வு வந்துவிட்டது, அதை நடத்தத் தெரிந்த மூத்தவர்களும் இருக்கிறார்கள். இறப்புகளோடு நிறுத்தாமல், நூலிழையில் தப்பிய தாய்மார்களின் விவரங்களையும் இப்படிப் பெயர் நீக்கி எடுத்துப் பாருங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதலே 2014-இல் இதற்கு வந்திருக்கிறது. இறந்தவரைப் பற்றிய ஆய்வில் எல்லோரும் தற்காத்துக்கொள்வார்கள். பிழைத்தவரைப் பற்றி என்றால் வாய் திறப்பார்கள்.

வேண்டுமென்றே அலட்சியமாக இருந்தவர்களைக் காப்பாற்ற நான் இதை எழுதவில்லை. பணியில் இல்லாமல் போனவர், குடித்துவிட்டு வந்தவர், பணம் கேட்டவர் என்றால் தனியாக ஒழுங்கு நடவடிக்கை எடுங்கள், நானும் கூட நிற்பேன். அதையும் மருத்துவ ஆய்வையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள் என்பதுதான் வேண்டுகோள்.

எங்கள் செவிலியரும் நானும் இப்போது எங்கள் அளவில் தொடங்கிவிட்டோம். அடிவயிற்றில் எங்கே அழுத்துவது என்பதற்கு ஒரு சொல் முடிவு செய்திருக்கிறோம். காலைப் பிடிப்பது பணியாளர் அக்காவின் வேலை என்று தெளிவாகிவிட்டது. பழைய துணியில் தைத்த பொம்மை ஒன்று பிரசவ அறை அலமாரியில் இருக்கிறது. அக்காதான் தைத்தார். இது ஒரு நிலையத்தின் ஆர்வத்தில் நின்றுவிடக் கூடாது. நான் மாற்றலாகிப் போனால் அலமாரியோடு முடிந்துவிடும். அரசாணையாக, பட்ஜெட் தலைப்பாக, ஆண்டுத் திட்டத்தில் ஒரு வரியாக வர வேண்டும்.

அடுத்த மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தின் நிரலில் ஒரே ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். மாவட்டத்தின் எல்லா நிலையங்களிலிருந்தும் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு பணியாளர் வரட்டும். ஸ்லைடு எதுவும் வேண்டாம், ஒரு கட்டில் மட்டும் போதும். பொம்மையை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் ஒருவர்